சந்தனம் பூசிய பேட்டரி

சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். மொத்தமே ஆறு பேர். குரு தவமணி அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது. துறவுக்கு வருமுன் திண்டுக்கல்லில் பழுதான மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். மூத்த சீடர் சிற்றம்பலத்துக்கு அறுபத்து மூன்று. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடச் சின்னவரிடம் உபதேசம் கேட்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டுக் கேட்டே அம்மாவை ஒரு வழி பண்ணிவிடுகிறார் என்பதுதான் மற்றவர்களின் குறை.

தினமும் காலையில் காபி டம்ளரைக் கீழே வைக்குமுன் கேள்வி வந்துவிடும்.

"அம்மா, நான் எப்ப பக்குவமாவேன்?"

"ஜன்னல் கதவெல்லாம் மாட்டியாச்சா?"

"இன்னும் நாலு இருக்கு."

"மாட்டுங்க."

தியான மண்டபத்து ஜன்னல்களுக்கு ஐப்பசி மழைக்குள் கதவு மாட்டியாக வேண்டும். அதற்காக ஒரு பக்தர் பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மிஷின் ஒன்று வாங்கித் தந்திருந்தார். கூடவே இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர்.

வீடு, வாசல், உறவு எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த சிற்றம்பலம் அந்த மிஷினிடம் மாட்டிக்கொண்டார். ஆணி அடித்தால் போதும் என்கிற இடத்திலும் துளை போட்டார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அதிலும் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் பூரணம் தொடவே கூடாது. அந்த அம்மாள் ஒரே ஒரு தடவை அதை வாங்கி, மசாலா டப்பா வைக்கும் பலகையை இம்மி கூடச் சாயாமல் மாட்டிவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் சிற்றம்பலத்துக்கு இன்னும் ஆறவில்லை.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னால் அது நடந்தது. ஏணி உச்சியில் நின்று பேட்டரியை மாற்றும்போது கை நழுவிவிட்டது. கருங்கல் தரையில் விழுந்த பேட்டரி இரண்டு தரம் குதித்து நின்றது. ஓரத்தில் ஒரு விரிசல். சிற்றம்பலம் சுற்றுமுற்றும் பார்த்தார். மடத்துப் பூனை மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சொன்னால் மிஷின் பூரணத்தின் கைக்குப் போய்விடும். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவருக்கு ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருக்கத் தெரியாதா என்ன? விரிசல் தெரியாதபடி திருப்பி வைத்தார். மறுநாள் பார்த்தால் பேட்டரி பக்கவாட்டில் லேசாக உப்பியிருந்தது.

"விழுந்த வீக்கம்தானே, வடிஞ்சுடும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பூஜையன்று மண்டபத்தில் கோரைப்பாய் விரித்து, அதன் மேல் பலகை போட்டு, மண்வெட்டி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், மிக்சி என்று எல்லாவற்றையும் வைத்தார்கள். நடுநாயகமாக டிரில்லிங் மிஷின். அம்பாள் முன்னால் காலிப் பேட்டரியை வைப்பது மரியாதையில்லை என்று சிற்றம்பலத்துக்குப் பட்டது. அடிபட்டதைச் சார்ஜரில் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். விரிசலை மறைக்கச் சந்தனத்தை அப்பினார். ஒன்றுக்கு மட்டும் பூசினால் சந்தேகம் வருமே என்று நல்ல பேட்டரிக்கும் அப்பினார். மேலே ஒரு பட்டுத் துண்டைப் போர்த்தினார்.

துண்டுக்கு அடியில் சார்ஜரின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. அருள் இறங்குகிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா கற்பூரத் தட்டோடு வந்தார். தீக்குச்சியை உரசப் போனவர் நின்றார்.

"என்ன வாசனை?"

"சந்தனம் அம்மா."

"சந்தனம் பெயிண்ட் தின்னர் மாதிரி நாறாது."

குச்சியைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டார். சுவரோரம் போய்ச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். துண்டின் நுனியைப் பிடித்து விலக்கிப் பார்த்தார்.

"எல்லாரும் வாசலுக்கு. இன்னிக்குப் பூஜை வெளியில."

"அம்மா, நல்ல நேரம் ஒன்பதேகாலோட..." என்று இழுத்தார் சிற்றம்பலம்.

"முதல்ல நடங்க."

பூஜையில் வைத்த மண்வெட்டியையே கையில் எடுத்தார். இன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாதே என்று வாயைத் திறந்த சிற்றம்பலம், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். பேட்டரியையும் சார்ஜரையும் விளக்குமாற்றால் தள்ளி மண்வெட்டியில் ஏற்றி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நடந்து, வெட்டவெளியில் கிடந்த மணல் குவியலில் இறக்கிவிட்டு வந்தார் அம்மா.

ஆறு பேரும் வேலியோரம் நின்றார்கள். கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சிற்றம்பலத்துக்குத் தெம்பு வந்தது.

"வெயில்ல போட்டுட்டோமே, பாவம், நல்ல பேட்..."

புஸ்ஸென்று வெள்ளைப் புகை சீறியது. அடுத்த நொடி ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது.

"தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே!" என்றார் பூரணம்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிற்றம்பலம் சிரிக்கவில்லை. அவர் மண்டபத்தைப் பார்த்தார். கோரைப்பாய், பட்டுத் துண்டு, மரக் கதவுகள், அங்கே கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டிய ஆறு பேர். பயத்தைவிட அவருக்கு வெட்கம் அதிகமாக இருந்தது.

"யாரும் கிட்ட போகாதீங்க," என்றார் அம்மா. "அணைஞ்ச மாதிரி இருக்கும். மறுபடி பிடிக்கும்."

பூஜை வேப்பமரத்தடியில் நடந்தது. நல்ல நேரம் எப்போதோ போயிருந்தது. பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்த பிறகு, அம்மா நல்ல பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, மிஷினில் செருகும் வாய்ப்பக்கம் அப்பியிருந்த சந்தனத்தைக் காய்ந்த துணியால் சுரண்டித் துடைத்தார். பூரணம் எட்டிப் பார்த்தார்.

"ஏன் சார், நெத்தியில பொட்டு வச்சது சரி. வாயிலயுமா அப்புவீங்க?"

சிற்றம்பலம் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அது தானா கெடலை. ஏணியிலேர்ந்து நான்தான் கீழ போட்டேன். யார்கிட்டயும் சொல்லலை."

"ஏதோ நடந்திருக்குன்னு தெரியும்."

"எப்படிம்மா? பூனை மட்டும்தானே பார்த்துச்சு?"

"மூணு நாளா காலையில நீங்க என்கிட்ட கேள்வியே கேக்கலை."

சிற்றம்பலம் எழுந்து போய், மிஷினை இரண்டு கையாலும் எடுத்து வந்து பூரணத்திடம் நீட்டினார்.

"இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

பூரணம் வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா துணியை உதறிக்கொண்டிருந்தார்.

"சார்கிட்டயே இருக்கட்டும் பூரணம். இன்னும் நாலு கதவு பாக்கி."

சிற்றம்பலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அப்ப நான் எப்பம்மா பக்குவமாவேன்?"

அம்மா துடைத்த பேட்டரியை அவர் கையில் வைத்தார்.

"இதுவும் ஒருநாள் கீழ விழும். விழுந்த அன்னைக்கே வந்து சொல்லுங்க. அப்ப கேளுங்க."