காராயி நக்காமல் வளர்த்த குட்டி

மூங்கில் காட்டு ஓடைக்கரையில் காராயி என்ற கடமான் தனியாக நின்றுகொண்டிருந்தது. நாலு நாளுக்கு முன்புதான் செந்நாய்கள் அதன் கன்றைக் கொண்டுபோயிருந்தன. மடியில் பால் கட்டி வலித்தது. வலியைச் சொல்லி அழ ஆள்கூட இல்லை, பாவம்.

"அக்கா, இங்கே வாங்க" என்று புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

சாமந்தி என்ற புள்ளிமான் அங்கே கிடந்தது. அதன் பின்காலில் கம்பிக் கண்ணி இறுகியிருந்தது. பக்கத்துப் புல்லில் பிறந்து பத்தே நாளான அதன் பெண்குட்டி அசையாமல் படுத்திருந்தது.

"மனுஷங்க வண்டிச் சத்தம் கேட்குது. என்னைத் தூக்கிட்டுப் போய் மருந்து போடுவாங்களோ, என்ன செய்வாங்களோ தெரியாது. பிள்ளையைப் பார்த்துக்கங்க அக்கா. கால் ஆறினதும் வந்துடுவேன்."

"போய்ட்டு வா. நான் இருக்கேன்" என்றது காராயி.

வண்டி வந்தது; சாமந்தியை ஏற்றிக்கொண்டு போனது. பசித்த குட்டி காராயியின் மடியைத் தேடி முட்டியது. பால் சுரந்தது.

மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைக் கண்ணால் பார்த்து நம்பாது. மூக்கால் மோந்துதான் நம்பும். குட்டி பிறந்ததும் தாய் நக்கி நக்கித் தன் வாசத்தை அதன்மேல் ஏற்றிவிடும். இன்னொருத்தி நக்கி அந்த வாசம் மறைந்துபோனால், பெற்றவளே 'இது யார் பிள்ளையோ' என்று முட்டித் தள்ளிவிடுவாள். அதனால் காராயி ஒரு முடிவெடுத்தது. பால் கொடுப்பேன், காவல் நிற்பேன், நக்க மட்டும் மாட்டேன்.

நக்காத குட்டி எப்படி இருக்கும்? உடம்பெல்லாம் சேறும் உண்ணியுமாக இருந்தது. ஒரு மைனாவைக் கெஞ்சிக் கூத்தாடி உண்ணி பொறுக்க வைத்தது காராயி.

மரத்தின்மேல் இருந்த பூவாத்தா என்ற மந்திக்கு இது போதாதா? "தான் பெறாத பிள்ளை இல்லையா, அதான் தொடக்கூடக் கூசுது!" என்று காடு முழுக்கச் சொல்லிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாளே புள்ளிமான் கூட்டம் வந்து நின்றது.

"குட்டியை எங்ககிட்ட விடு. எட்டுப் பேர் இருக்கோம். நக்கி நக்கி ரெண்டே நாள்ல எங்க பிள்ளையா ஆக்கிடுவோம்."

"அதுதான் பயமா இருக்கு. அதுக்கு ஏற்கெனவே ஒரு அம்மா இருக்கா" என்றது காராயி.

"கண்ணியிலே சிக்கி, மனுஷன் வண்டியிலே ஏறினவ என்னைக்குத் திரும்பி வந்திருக்கா?"

காராயி முன்காலைத் தரையில் ஓங்கி உதைத்தது. கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

அன்று மாலை குட்டி கேட்டது: "பெரியம்மா, நான் அழகா இல்லையா? எல்லாரையும் அவங்கவங்க அம்மா நக்கிக்கொடுக்கிறாங்க. நீங்க மட்டும் ஏன் நக்க மாட்டேங்கிறீங்க?"

காராயியின் நாக்கு தன்னால் வெளியே வந்தது. நாலு தரம் நக்கினால் போதும், குட்டி காலத்துக்கும் தன்னுடையது. கேட்க யார் இருக்கிறார்கள்?

நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

"உன் நெத்தியிலே உங்கம்மா வாசம் இருக்கு கண்ணு. அவ வரும்போது அது அங்கேயே இருக்கணும்."

"வருவாங்களா?"

"வருவா." சொன்ன காராயிக்கே அது உறுதியில்லை. குட்டி விலாவை ஒட்டிப் படுத்தது. அதை மட்டும் காராயியால் தடுக்க முடியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, மனுஷர்கள் மருந்து போட்டுத் திருப்பி விட்ட சாமந்தி, பின்கால் நொண்ட நொண்ட வந்தது. தாயை அடையாளம் தெரியாத குட்டி காராயிக்குப் பின்னால் ஒளிந்தது. சாமந்தி கிட்டே வந்து மோந்தது. வாயில் கடமான் பால் வாசம், விலாவில் கடமான் வாசம். அதன் காதுகள் பின்னுக்குப் போயின. முட்டித் தள்ளத் தலையைத் தாழ்த்தியது.

"நெத்தியை மோந்து பாரு, சாமந்தி" என்றது காராயி.

சாமந்தி நெற்றியை மோந்தது. அப்படியே நின்றது. பிறகு நக்கத் தொடங்கியது. மிரண்ட குட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் சாய்ந்தது.

காராயி சத்தமில்லாமல் மூங்கில் பக்கம் நடந்தது.

"எங்கே போறீங்க அக்கா?"

"என் வேலை முடிஞ்சுதே."

"முடியலை. எனக்காகத்தானே இத்தனை நாள் அந்த நாக்கை அடக்கி வச்சீங்க? நான்தான் வந்து என் பிள்ளைன்னு மோந்து தெரிஞ்சுக்கிட்டேனே, இனிமே என்ன பயம்? வாங்க, ஆசை தீர நக்குங்க. உங்க வாசமும் என் பிள்ளைமேல இருக்கட்டும்."

காராயி திரும்பி வந்தது. நெற்றியில் தொடங்கி வால்வரை நக்கியது. மறுபடியும் நெற்றிக்கே வந்தது. கண்ணீர் குட்டியின் முதுகில் சொட்டியது. பூவாத்தாகூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிக்கொள்வது எளிது. அதைப் பெற்றவளின் பிள்ளையாகவே காத்து வளர்த்துக் கொடுப்பவரே பெரியவர்.