கால் தூக்காத எலிகள்

அந்த ஆய்வுக்கூடத்து எலிகளுக்குப் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க்குப் போடும் ஊசி மட்டும் போடப்பட்டிருந்தது. ஊசி நரம்பைக் கெடுத்துவிட்டால் குளிர் பட்டாலே பாதம் எரியும். அந்த எரிச்சலுக்கு மருந்து தேடுவதுதான் அங்கே வேலை.

எபினேசர் குளிர்தட்டின் மேல் எட்டாவது எலியை வைத்து ஸ்டாப்வாட்சை அழுத்தினார். பாதம் எரிந்தால் எலி காலைத் தூக்கிவிடும். பதினெட்டு வருடம் மருந்துக்கடையில் நின்றுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய பேராசிரியர் குமுதவல்லி அவரைவிட ஆறு வயது இளையவர்.

"முப்பது செகண்ட், மேடம். காலைத் தூக்கவே இல்லை. புது மருந்து கொடுத்த எட்டும் இப்படித்தான்."

"கூண்டுல போட்ட காகிதத்தைக் கிழிச்சுதா?"

எலிகள் காகிதத்தைக் கிழித்துத்தான் படுக்கை செய்துகொள்ளும். எட்டுக் கூண்டிலும் காகிதம் வைத்தது வைத்தபடி கிடந்தது.

"அதை நாம அளக்கறதில்லையே."

குமுதவல்லி ஒரு கூண்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"வலி போயிடுச்சுன்னுதானே அர்த்தம், மேடம்?"

"எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"வீட்டுல ஸ்டெல்லாவுக்கு இதே ஊசி நாலு முடிஞ்சிருக்கு. குழாயைத் தொட்டாலே கத்துவா. கையில சாக்ஸை மாட்டிக்கிட்டுத்தான் கதவைத் திறப்பா."

"மனுஷங்களுக்குக் கொடுக்க இன்னும் அனுமதி இல்லை, எபினேசர்."

"வர எத்தனை வருஷம் ஆகும்?"

"பத்து ஆகலாம்."

"என் பொண்டாட்டிக்குப் பத்து இருக்கா, மேடம்?"

குமுதவல்லியும் அதே ஊசியைப் போட்டுக்கொண்டவர்தான். இரண்டு வருடமாகியும் கம்பளிக் கையுறை மாட்டாமல் ஃப்ரிட்ஜைத் தொடமாட்டார். இப்போது உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஐஸ் பெட்டியைத் திறந்து, மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டார்.

பழக்கத்தில் எபினேசரின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்தியது.

பத்து. இருபது. குமுதவல்லியின் உதடு வெளுத்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கை அசையவில்லை.

முப்பது. முப்பதில் எலியை எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி.

"எடுங்க, மேடம்! போதும்!"

"நான் எடுக்கலையே. வலி இல்லைன்னு எழுதிக்கங்க."

எபினேசரே அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தார். விரல்கள் சிவந்து விறைத்திருந்தன. தன் சட்டை நுனியால் சுற்றிப் பிடித்துக்கொண்டார். குனிந்தபடியே சொன்னார்.

"மூணு நாளா ஸ்டெல்லா கத்தலை, மேடம்."

குமுதவல்லி அலமாரியைப் பார்த்தார். புது மருந்துப் புட்டியில் எட்டு எலிகளுக்கு ஆகக்கூடியதைவிட அதிகமாகக் குறைந்திருந்தது.

"பேசினாங்களா?"

எபினேசரின் பார்வை எட்டுக் கூண்டிலும் கிழிபடாமல் கிடந்த காகிதங்களுக்குப் போனது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.