நரி வாங்கிய விதை மானியம்

ஒரு காட்டில் அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கம்பும் சோளமும் கதிர் விடாமலே காய்ந்தன. அடுத்த மழைக்கு விதைக்க யாரிடமும் ஒரு பிடி விதைகூட இல்லை.

இதை அறிந்த யானை ராஜா, "பயிர் செய்கிற எல்லோருக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து விதை மானியம் உண்டு. நிலத்தின் அளவுக்கு ஏற்பக் கிடைக்கும்" என்று அறிவித்தார்.

ஓடைச் சரிவில் கம்பு விளைவித்து வந்த மருதாயி என்ற முயலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனி குட்டிகளோடு வேறு காடு தேடி அலைய வேண்டாம் என்ற நிம்மதியோடு சபைக்குப் போனாள்.

அங்கே நரி முந்திக்கொண்டு நின்றது. அது ஒரு நாளும் மண்வெட்டி பிடித்ததில்லை.

"மகாராஜா, ஓடைச் சரிவு முழுவதும் என் நிலம்," என்றது நரி. "அங்கிருக்கும் முயல்களும் அணில்களும் என் கூலியாட்கள்."

"பொய். அது நாங்கள் கல் பொறுக்கித் திருத்திய நிலம்," என்றாள் மருதாயி.

"கூலியைக் கூட்டிக் கேட்டாள், நான் தரவில்லை. அந்தக் கோபத்தில் பேசுகிறாள்," என்று நரி சிரித்தது.

ராஜா அந்தப் பேச்சில் மயங்கினார். விதை மூட்டைகள் எல்லாம் நரியின் குகைக்குப் போயின.

மறுநாள் மருதாயி குகைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். நரி விதையை வாசலில் வாரி இறைத்துவிட்டுப் புதரில் பதுங்கியிருந்தது. கம்பு பொறுக்க வந்த காடை ஒன்று அதன் வாயில் சிக்கியது.

மருதாயி அழுதுகொண்டு நிற்கவில்லை. நேராக ராஜாவிடம் போனாள்.

"மறுபடியும் புகாரா?" என்றார் ராஜா.

"இல்லை மகாராஜா. மழைக்கு முன் வாய்க்கால் தூர்வார வேண்டும். நிலத்துக்கு ஏற்ற வேலை என்பதுதானே நம் வழக்கம்? சரிவு முழுவதும் நரியாருடையது. அவரை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்."

"நியாயம்தான்," என்ற ராஜா, மேற்பார்வைக்கு இரண்டு கரடிகளை அனுப்பினார்.

"என் கூலியாட்கள் வெட்டுவார்கள்," என்றது நரி.

"வெட்டுகிறோம். கூலியை இப்போதே விதைக் கம்பாகக் கொடுங்கள்," என்றாள் மருதாயி.

காடை பிடிக்க வைத்திருந்த விதையைக் கொடுக்க நரிக்கு மனமில்லை. தானே வாய்க்காலில் இறங்கியது. உச்சி வெயிலுக்குள் நகம் பிளந்தது, கழுத்துவரை சேறு. நிமிர்ந்து பார்த்தால் வாய்க்கால் இன்னும் நீண்டுகொண்டே போனது. கரடிகளோ அசையவில்லை.

நரி ராஜாவிடம் ஓடியது. "மகாராஜா, அது என் நிலமே இல்லை."

"பின்னே யாருடையது?"

"மருதாயியுடையது. மற்ற முயல்களுடையது. அணில்களுடையது. எனக்கு அங்கே ஒரு பிடி மண்கூடக் கிடையாது."

ராஜாவின் தும்பிக்கை ஆட்டம் நின்றது. "அப்படியானால் மூட்டைகளை உரியவர்களிடம் கொடு. அதில் குறையும் விதைக்கு ஈடாக வாய்க்காலையும் வெட்டி முடி."

மழை வந்தது. தூர்வாரிய வாய்க்காலில் தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. இடுப்புயரம் வளர்ந்த கம்பைப் பார்க்க ராஜாவே வந்தார்.

"அடுத்த முறை யாருக்கு மானியம் தருவது, மருதாயி?" என்று கேட்டார்.

"சபையில் கேட்காதீர்கள் மகாராஜா. இப்படி வயலுக்கு வந்து பாருங்கள்," என்றாள் மருதாயி.

நீதி: பிறர் உழைப்பைத் தனதென்று சொல்லிப் பலன் பெறுகிறவன், அந்த உழைப்பின் பாரத்தையும் சுமக்க நேரும்.