ஆயிரம் வீட்டுக்கு ஒரே முகூர்த்தம்

தென்னம்பாடி என்றொரு நாடு. அதை வெகுகாலத்துக்கு முன்னால் மகுடவர்த்தனன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு ஆசை வந்தால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். பக்கத்து நாட்டுத் தலைநகரில் வீடுகள் அதிகம் என்று எவனோ வழிப்போக்கன் சொல்லிவிட்டுப் போனான். ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கோட்டைக்குக் கிழக்கே ஆயிரம் குடியிருப்பு எழும்ப வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டான்.

மாளிகைத் தலைவன் வீரகண்டன் அந்த வேலையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டான். அமைச்சர் அம்பலத்தாடியின் நாற்காலி மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண். எட்டே மாதத்தில் ஆயிரம் வீட்டையும் கட்டி, மகுடபுரம் என்று பெயரும் சூட்டி, ராஜாவின் மனதைக் குளிரவைத்தான்.

அம்பலத்தாடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடுகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அத்தனைக்கும் இருந்தது பக்கத்துக் கீழவாசல் ஊர் ஜனங்கள் காலங்காலமாக இறைத்துவந்த ஒரே கிணறு. போகவர ஒரு மாட்டுவண்டி அகலத்தில் ஒரு பாதை. கழிவுநீர் போக வாய்க்கால் என்று ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை. சபையில் இதை அவர் சொன்னதும் வீரகண்டன் சிரித்தான். மகாராஜாவின் புகழ் அமைச்சருக்குப் பொறுக்கவில்லை என்றான்.

ராஜாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அமைச்சரே, இனி மகுடபுரத்தைப் பற்றி ஒரு குறை உம் வாயிலிருந்து வந்தால், முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டு எல்லையைத் தாண்டிவிடும்" என்றான்.

அம்பலத்தாடி வாயை மூடிக்கொண்டார். அறுபது வயதில் எந்த நாட்டுக்குப் போவது என்ற பயம் அவருக்கு இருந்தது. கீழவாசல் பெண்கள் இனி ஆயிரம் குடும்பத்தோடு அந்தக் கிணற்றுக்கு மல்லுக்கட்டப் போகிறார்களே என்ற வேதனை அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சபைக்குச் சிரித்த முகத்தோடு வந்தார்.

இப்படி ஒரு ஊரை உலகம் கண்டதில்லை என்று ஆரம்பித்தார். ஆயிரம் வீட்டிலும் ஒரே நாள், ஒரே முகூர்த்தத்தில் பால் காய்ச்சினால் அந்தப் பெருமை வேறு எந்த ராஜாவுக்கு வாய்க்கும்? முதல் வீட்டுக்குள் மகாராஜாவே நிறைகுடத்தோடு நுழைந்தால் எப்படி இருக்கும்? குடத்துத் தண்ணீர் மட்டும் அந்த ஊர்த் தண்ணீராக இருக்க வேண்டும், அதுதான் வீட்டுக்கு லட்சுமி என்றார். ராஜா பூரித்துப் போனான். எங்கே பேர் அமைச்சருக்குப் போய்விடுமோ என்று வீரகண்டன் குறுக்கே விழுந்து, அதைத்தான் தானும் சொல்ல இருந்ததாகவும், ஏற்பாடெல்லாம் தன் பொறுப்பு என்றும் சொன்னான். அம்பலத்தாடி பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். ஜனங்கள் ஒரு காலைப்பொழுது தவிக்கப்போவது அவருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆயுசுக்கும் தவிப்பதற்கு இது மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

முகூர்த்த நாளும் வந்தது. புதுவீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும் அல்லவா? ஆயிரம் பசு, ஆயிரம் கன்று, கட்டில் உரல் ஏற்றிய வண்டிகள், எல்லாம் அந்த ஒற்றைப் பாதையில் இறங்கின. நடுவழியில் ஒரு சிவப்புப் பசு நிதானமாகப் படுத்து அசைபோட ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் ராஜாவின் தேர் நின்றது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ராஜா இறங்கி நடந்தான். வாசல் கழுவிய தண்ணீரெல்லாம் போக்கிடமில்லாமல் தெருவில் தேங்கிக் கிடந்தது. பட்டு வேட்டி முழங்கால் வரை சேறானது.

கிணற்றடிக்கு அவன் வந்து சேர்வதற்குள் முன்னால் போனவர்கள் இறைத்து முடித்திருந்தார்கள். கயிறு இறங்கியது, வாளி நிறையச் சேறு வந்தது. முகூர்த்தம் முடிய ஒரு நாழிகைதான் இருக்கிறது, வெறுங்குடத்தோடு வீட்டுக்குள் போகவே கூடாது என்று புரோகிதர் பதறினார். கோட்டையிலிருந்து தண்ணீர் வரவழைக்கிறேன் என்றான் வீரகண்டன். எந்த வழியாக என்று கேட்டான் ராஜா. சிவப்புப் பசு இன்னும் எழுந்திருக்கவில்லை.

ராஜா வெறுங்குடத்தோடு அம்பலத்தாடி பக்கம் திரும்பினான். "என்ன அமைச்சரே, பேசாமல் நிற்கிறீர்?"

"பேசினால் எல்லை தாண்ட வேண்டுமே, மகாராஜா."

"நானே சொல்கிறேன், பேசும்."

"குறை ஒன்றும் இல்லை, மகாராஜா. தாங்கள் கேட்டது குடியிருப்பு. வீரகண்டன் இருப்பைக் கட்டிவிட்டார். குடியைத்தான் மறந்துவிட்டார்."

"குடியா?" என்று ராஜா முகம் சுளித்தான்.

"குடிக்கிற தண்ணீரைச் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் கிணற்றடியில் காலிக் குடத்தோடு நின்ற கீழவாசல்காரி ஒருத்தி, பெயர் வெள்ளைச்சி, வாயைத் திறந்தாள். "சாமி, உங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள் வெறுங்குடம். எங்களுக்கு இனிமே தினமும்."

ராஜாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குடத்தைக் கீழே வைத்தான். ஆற்றிலிருந்து கால்வாய் வந்து, ஏரி வெட்டி, பாதை அகன்று, சாக்கடை ஓடும் வரைக்கும் மகுடபுரத்தில் யாரும் குடியேற வேண்டாம் என்றான். அம்பலத்தாடியிடம், என்ன வேண்டுமானாலும் கேளும் என்றான். சபையில் குறை சொல்ல அனுமதி போதும் என்றார் அவர். இனி தன் முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று ராஜா அத்தனை பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்தான்.

"யாரும் குடியேற வேண்டாம் என்றேன். ஒருவர் மட்டும் விலக்கு" என்று வீரகண்டனைப் பார்த்தான். "முதல் வீடு உமக்கு. கால்வாய் வந்து சேரும் வரை உம் வீட்டுத் தண்ணீரை ஆற்றிலிருந்து நீரே சுமந்து வாரும்."

ஆறு ஒரு காதத் தூரம், போய்வரவே ஒரு பகல் ஆகும். மூன்று வருஷமாவது ஆகும் என்று வேலைக்காரர்கள் சொன்ன கால்வாயை, வீரகண்டன் தானே மண்வெட்டி பிடித்து, விரட்டி வேலைவாங்கி, ஐந்தே மாதத்தில் மகுடபுரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.