நாச்சம்மாவுக்கு ஏழு மணி

“ஒரே நோய், ஒரே அளவு, ஒரே மிஷின். ஒருத்தருக்குக் கட்டி கரையுது, இன்னொருத்தருக்கு அசையக்கூட மாட்டேங்குது. என்ன மேடம் அநியாயம் இது?”

கேட்டவர் டாக்டர் கந்தவேள். வயது ஐம்பத்தேழு. புற்றுநோய்க்குக் கதிர் வைத்து வைத்தே முடி நரைத்தவர்.

கேட்கப்பட்டவர் லூர்து ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. செல்லுக்குள் சில மரபணுக்கள் இரவு பகல் கணக்கில் மும்முரமாகவும் மந்தமாகவும் இயங்கி, உடம்புக்கு மணி சொல்கின்றன. அந்தக் கடிகாரத்தைத்தான் அவர் ஆராய்கிறார்.

போன வருஷம் டாக்டர் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று ஆஸ்பத்திரியே சிரித்தது. சிரிக்கட்டுமே, சிரிக்கிறவர்களுக்கு வேறென்ன வேலை?

டாக்டர் ஐஸ் பெட்டியைத் திறந்து இரண்டு குப்பிகளை மேஜையில் வைத்தார்.

“கட்டியிலேர்ந்து எடுத்த துண்டு. இது ஜமாலுதீன் பாய், பாத்திரக் கடை வச்சிருக்கார். அவருக்குக் கரையுது. இது நாச்சம்மா, நூல் மில்லுல வேலை. பதினாலு தடவை கதிர் கொடுத்தாச்சு. கழுத்துல கட்டி கல்லு மாதிரி அப்படியே நிக்குது.”

“இன்னும் எத்தனை தடவை பாக்கி?”

“இருபத்தொண்ணு. அதுக்குள்ள ஏதாவது பண்ணியாகணும். ரெண்டு பேரோட கடிகார மரபணுவையும் படிச்சுச் சொல்லுங்க. அந்தம்மாவை நான் காப்பாத்தணும் மேடம்.”

ஜெசிந்தா குப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்தது. வயது இருந்தது. தேதி இருந்தது.

“எத்தனை மணிக்கு எடுத்தீங்க?”

“எதை?”

“துண்டை.”

“அதெல்லாம் யாரு எழுதுறா? தேதிதான் போட்டிருக்கே.”

ஜெசிந்தா இரண்டு குப்பிகளையும் மஞ்சள் குப்பைத்தொட்டிக்குள் போட்டார்.

“ஐயய்யோ!” டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “என்ன மேடம் பண்றீங்க! மூணு வாரம் நாயா அலைஞ்சு அனுமதிக் கையெழுத்து வாங்கினது!”

“அந்த மரபணு காலையில ஒண்ணு சொல்லும், சாயங்காலம் வேற ஒண்ணு சொல்லும். மணி தெரியாம நான் எதைப் படிக்க?”

டாக்டர் முகம் சிவந்து நின்றார். அவர் துறையில் லேபிளில் மணி எழுதக் கட்டமே கிடையாது. முப்பது வருஷமாகக் கிடையாது. கோபம் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

“விடுங்க. இவங்க மிஷின்ல படுக்கிற நேரமாவது தெரியுமா?”

“அது தெரியாமலா? டைம் போட்டுக் கொடுக்கிறதே நான்தானே. பாய்க்கு மத்தியானம் ரெண்டு மணி. அப்பத்தான் கடையில கூட்டம் இருக்காதாம். நாச்சம்மாவுக்குக் காலையில ஏழு மணி.”

“ஏன் ஏழு மணி?”

இந்தக் கேள்வி டாக்டருக்குப் பிடித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மில்லுல நைட் ஷிப்ட் மேடம். லீவு போட்டா வேலை போயிடும்னு அழுதுச்சு. ஆறு மணிக்கு விடுவாங்க, நேரா பஸ் ஏறினா ஏழுக்கு நம்மகிட்ட. எங்க மிஷின் தொடங்குறது எட்டு மணிக்கு. அந்தம்மாவுக்காக ஆளுங்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஏழுக்கே ஓட வைக்கிறேன். வேற யாருக்கும் இப்படிச் செஞ்சதில்லை.”

டாக்டர் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

“செல் கதிர்ல அடிபட்டா தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும், கட்டியில இருக்கிற செல்லும்தான்” என்றார் ஜெசிந்தா. “அது எப்போ மும்முரமா நடக்கும், எப்போ மந்தமா நடக்கும், யாரு சொல்றா?”

“கடிகார மரபணுவுக்கும் அதுல பங்கு இருக்கு. நீங்க நடத்தின பாடம்தானே.”

“ஏழு மணின்னா உங்க உடம்புக்கு விடியக்காலை. ராத்திரி பூரா முழிச்சிருந்த நாச்சம்மா உடம்புக்கு?”

டாக்டர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

தன் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“அப்போ... நான் நல்லது பண்றதா நினைச்சு...”

“நான் அப்படிச் சொல்லலை டாக்டர். எந்த மணிக்குக் கொடுத்தாலும் கரையாத கட்டியும் உண்டு. சில கட்டியில கடிகாரம் ஓடும், சிலதுல நின்னுபோயிருக்கும், சிலது தறிகெட்டு ஓடும். யாருக்கு எந்த நேரம் நல்லதுன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது.”

“நான்தானே மேடம் அந்த நேரத்தைக் கொடுத்தேன்! பதினாலு நாளும் நான்தானே கொடுத்தேன்!”

எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்! போன வாரம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொன்னார்.

“திங்கக்கிழமையிலேர்ந்து ரெண்டு மணிக்கு மாத்திடுறேன். பாய்க்குக் கரையுற நேரம்.”

“அது பாய் உடம்பு. நாச்சம்மா எத்தனை மணிக்குத் தூங்குறாங்க?”

டாக்டர் போனில் நாச்சம்மாவின் கேஸ் குறிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, போனை மேஜை மேல் வைத்தார்.

“கேட்டதில்லையா?”

சாப்பாடு இறங்குதா, வாய் புண்ணா இருக்கா, தோல் எரியுதா, எல்லாம் கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை. நாச்சம்மாவிடம் மட்டும் இல்லை, வந்து போன ஒருத்தரிடமும் கேட்டதில்லை.

ஜெசிந்தா மேஜை மேல் இருந்த அவர் போனை அவர் பக்கமே தள்ளினார்.

அப்போது மணி பதினொன்றரை. ராத்திரி முழுக்க மில்லில் நின்ற பொம்பளை. எழுப்பிவிடப் போகிறோமே என்று தயங்கித் தயங்கித்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.

“சொல்லுங்க சார். ரேஷன் கடை வரிசையில நிக்கிறேன்.”

“நாச்சம்மா, நீ எப்பம்மா தூங்குவே?”

அந்தப் பக்கம் சிரிப்பு.

“தூக்கமா? வீட்டுக்குப் போனா சமையல், துணி, படுத்த படுக்கையா கிடக்கிற மாமியா. பொழுது சாஞ்சா மில்லு. எங்க சார் படுக்க?”

“தூங்கறதே இல்லையா?”

“ஐய, தூங்காம மனுசி இருக்க முடியுமா? மிஷின்ல படுக்க வச்சு, மூஞ்சியில அந்த வலையை மாட்டி, அசையாதேன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டுப் போவாங்கல்ல? அந்தப் பத்து நிமிசம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிடுவேன். நீங்க நல்லா இருக்கணும் சார்.”