புகை விடாத பஸ்

ஒரு ஊர்ல ஒரு ஸ்கூல் பஸ் இருந்துச்சாம். டீசல் பஸ். டுர்ர்ர்னு வரும், பின்னால குபுகுபுன்னு கரும்புகை. அதுல கடைசி சீட்டுல சுடர்னு ஒரு ரெண்டாங்கிளாஸ் பொண்ணு. புகை பட்டா அவளுக்கு நெஞ்சு கொய்ங் கொய்ங்னு இழுக்கும். "இன்னும் இப்படியே இழுத்துச்சுன்னா பள்ளிக்கூடமே வேணாம், வீட்ல இரு"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. சுடருக்குப் பகீர்னு ஆயிடுச்சு. கேக்கறியா?

ம்.

அப்போ கரஸ்பாண்டன்ட் குமரகுரு சார் புதுசா கரண்ட் பஸ் வாங்கினார். மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, பெரிய பேனரும் கட்டினார். பேனர்ல பஸ் சின்னதா, சார் பெருசா.

மறுநாள் பஸ் பூனை மாதிரி வந்துச்சு, பூனை மாதிரி போயிடுச்சு. ஒரு பிள்ளையும் ஏறல. தெருமுனையில டுர்ர்ர் கேட்டாதானே அம்மாங்க தலை பின்னவே ஆரம்பிப்பாங்க? சார் யோசிச்சார். பஸ் மேல ஸ்பீக்கர் கட்டி டுர்ர்ர்னு சத்தம் போடவிட்டார். என்ன மூளை!

ம்.

அப்புறம் சார்ஜ் ஏத்தணும். பள்ளிக்கூடத்து லைன் தாங்காது. பெரிய லைன் கேக்க சார் ஒரு கையெழுத்து போடணும். பாவம், அதுக்கு அவருக்கு நேரமே இல்ல. அதனால ரெண்டாங்கிளாஸ் ஜன்னலுக்குப் பின்னால ஒரு ஜெனரேட்டர் வெச்சார். என்ன ஜெனரேட்டர்? டீசல் ஜெனரேட்டர்! டகடகடக. முன்னாடி அரை மணி நேரம் குடிச்ச புகையை சுடர் இப்போ நாள் முழுக்கக் குடிச்சா. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா"ன்னு டிரைவர் மரியதாஸ்கிட்ட அழுதா.

மரியதாஸ் போனார். "சார், பிள்ளைங்க இருமுதுங்க."

"ஜன்னலைச் சாத்துங்க."

திரும்பவும் போனார். "சாத்துனா புழுங்குது சார்."

"அப்போ தெறங்க."

மூணாந்தடவை சுடரே போனா. "சார், ஜெனரேட்டரை உங்க ரூம் பக்கம் வெச்சா, பஸ்ஸும் சார்ஜ் ஏத்த அங்கதானே நிக்கும்? பேப்பர்காரங்க உங்களையும் பஸ்ஸையும் ஒரே போட்டோல எடுக்கலாம்ல?"

சாருக்கு வாயெல்லாம் பல்லு. "கெட்டிக்காரிடி நீ!"

உடனே உருட்டிட்டுப் போய் வெச்சாங்க. டகடகடக. லொக்கு. டகடகடக. லொக்கு லொக்கு. பேப்பர்காரங்க வரல, சார் கண்ணுல தண்ணிதான் வந்துச்சு. மூணு மாசமா கெடந்த கையெழுத்து, சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள விழுந்துச்சு.

ம்... அப்புறம்?

பத்தே நாள்ல லைன் வந்துச்சு, ஜெனரேட்டர் போச்சு. வீட்டுக்கு வந்த சுடரோட நெஞ்சுல அம்மா காதை வெச்சுக் கேட்டாங்க. கொய்ங் இல்ல. "சரி, நாளைக்கும் போ"ன்னாங்க.

கதை இதோட சரி. கண்ணை மூடு, நீ தூங்குனாதான் நான் தூங்க முடியும்.