முதலை போட்ட பத்துக் கணக்கு

ஒரு காட்டில் ஆறு ஒன்று இருந்தது. கோடையில் அது வற்றி, கடைசியில் ஒரே ஒரு மடுவாகச் சுருங்கிவிடும். அந்த மடுவில் ஒரு முதலை இருந்தது.

முதலைகளுக்குக் கணக்கு வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் முதலையை அருகில் போய் விசாரித்ததில்லை. இந்த முதலைக்குக் கூட்டலும் கழித்தலும் நன்றாகவே வரும். அதில் அதற்குப் பெருமையும் உண்டு. தண்ணீர் குடிக்க வருகிறவர்களைச் சும்மா பிடித்துத் தின்பது படிப்பில்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அதன் எண்ணம்.

ஆகவே அது ஒரு சட்டம் போட்டிருந்தது. கரையில் ஒன்பது வெள்ளைக் கற்கள் கிடந்தன. முதல் கல்லில் ஒரு கீறல், அடுத்ததில் இரண்டு, இப்படியே ஒன்பதுவரை. முதலை அவற்றில் நான்கு கற்களை வாலால் தள்ளிவிடும். வந்தவர் அவற்றில் சிலவற்றைக் கூட்டி, சிலவற்றைக் கழித்து, முதலை சொல்லும் தொகையைக் கொண்டுவர வேண்டும். நான்கு கற்களும் கணக்கில் வந்தாக வேண்டும். கரையிலிருந்த மருதமரத்தின் நிழல் தண்ணீரைத் தொடுவதற்குள் விடை சொன்னால் குடித்துவிட்டுப் போகலாம். சொல்லாவிட்டால் முதலைக்குச் சாப்பாடு.

சட்டத்தில் இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. கணக்கு முடியும்வரை முதலை யார்மேலும் வாய் வைக்காது. கணக்குப் போட வந்தவர் கேட்டால், கணக்கைக் கொடுத்தவர் தம் விடையைக் காட்டியாக வேண்டும். இந்த இரண்டாவது விதியை யாரும் பயன்படுத்தியதே இல்லை. விடை கண்டவர்களுக்குத் தாகம். காணாதவர்களுக்கு வேறு கவலை.

மருதமரத்தில் ஒரு மந்தி இருந்தது. அதற்கு வால் நுனி கிடையாது. முன்பொரு கோடையில் அதற்கும் ஒரு கணக்குக் கிடைத்தது. இதற்கு விடையே இல்லை என்று அது எவ்வளவோ வாதாடிப் பார்த்தது. “போடத் தெரியாதவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்” என்றது முதலை. மந்தி மரத்தில் ஏறுவதற்குள் வால் நுனி போய்விட்டது.

ஒரு நாள் காலை சருகுமான் ஒன்று மடுவுக்கு வந்தது. முயலைவிடச் சற்றே பெரிய உடம்பு, குச்சி குச்சியான கால்கள். அதன் குட்டி புதருக்குள் படுத்திருந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் தாய்க்குப் பால் வற்றிவிட்டது. குட்டிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை.

முதலை சோம்பலாக வாலை வீசியது. எட்டு, ஐந்து, நான்கு, இரண்டு ஆகிய கற்கள் உருண்டு வந்தன.

“பத்து கொண்டுவா, பெண்ணே” என்றது முதலை.

சருகுமான் கற்களைப் பார்த்தது. எட்டும் ஐந்தும் பதின்மூன்று. நான்கு போனால் ஒன்பது. இரண்டு சேர்ந்தால் பதினொன்று. ஒன்று கூடிவிட்டது. எட்டில் ஐந்து போனால் மூன்று; நான்கும் இரண்டும் சேர்ந்தால் ஒன்பது. ஒன்று குறைந்துவிட்டது. ஏழு வந்தது, பதினைந்து வந்தது. பத்து மட்டும் வரவில்லை.

நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து மந்தி, வாலைச் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொல்லி அறிவுரை கூறியது.

சருகுமான் கற்களை விட்டுவிட்டு யோசித்தது. எல்லாவற்றையும் கூட்டினால் பத்தொன்பது. ஒரு கல்லைக் கூட்டாமல் கழித்தால், தொகையில் அந்தக் கல்லைப்போல் இரண்டு மடங்கு குறைகிறது. இரண்டைக் கழித்தால் நான்கு குறையும். ஐந்தைக் கழித்தால் பத்து குறையும். எப்படிப் போட்டாலும் குறைவது இரட்டைப்படைதான். பத்தொன்பதிலிருந்து இரண்டிரண்டாக இறங்கினால் பதினொன்றில் கால் வைக்கலாம், ஒன்பதில் கால் வைக்கலாம். பத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

விடை இல்லை. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பது மந்தியின் வாலைப் பார்த்தாலே தெரிந்தது.

இன்னொன்றும் அதற்குப் புரிந்தது. முதலை தான் கொடுக்கும் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. எந்த நான்கு கல்லைத் தள்ளினாலும் விடை எப்படியும் இருக்கும் என்று நம்பி வாலை வீசுகிறது.

நிழல் தண்ணீருக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

“ஐயா, நான் யோசித்து முடித்துவிட்டேன்” என்றது சருகுமான். “விதிப்படி உங்கள் விடையைக் காட்டுங்கள். நீங்கள் பத்து கொண்டுவந்துவிட்டால் என்னைத் தின்றுகொள்ளலாம்.”

“அவ்வளவுதானே! இதோ!” என்று முதலை கற்களை அருகில் இழுத்தது.

பதினொன்று வந்தது. முதலை தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி போட்டது. ஒன்பது வந்தது.

நிழல் தண்ணீரைத் தொட்டது. அதனால் எதுவும் ஆகவில்லை. கெடு கணக்குப் போட வந்தவர்களுக்குத்தான். கொடுத்தவருக்கு விடை தெரிந்திருக்கும் என்பதால், முதலை தனக்கென்று கெடு எதையும் வைக்கவில்லை.

சருகுமான் புதருக்குப் போய், குட்டியை மூக்கால் தூக்கி நிறுத்தி, மெல்லத் தள்ளிக் கொண்டுவந்தது. இருவரும் முதலையின் மூக்குக்குப் பக்கத்திலேயே நின்று நிதானமாகக் குடித்தார்கள். மந்தி இன்னொரு கிளை மேலே ஏறிக்கொண்டது. கணக்கு எந்த நொடியில் முடியுமோ என்று பயந்துதான் இத்தனை கோடையும் யாரும் நடுவில் புகுந்து குடிக்கத் துணிந்ததில்லை. இந்தக் கணக்கு முடியாது என்பது சருகுமானுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் மந்தி இறங்கிக் குடித்தது. பிறகு பன்றிகள், மயில்கள், கடைசியில் யானைக்கூட்டம். முதலை தலை நிமிரவில்லை. மந்தி தினமும் நலம் விசாரித்தது.

“ஐயா, இன்று என்ன வந்தது?”

“ஒன்பது. நெருங்கிவிட்டேன்.”

“நேற்று?”

“பதினொன்று. பேசாதே, கவனம் கலைகிறது.”

மழை வந்தது. ஆறு நிறைந்தது. முதலை இளைத்துப் போய், அதே நான்கு கற்களோடு ஒரு மேட்டில் கிடந்தது. சருகுமானுக்கு மனம் கேட்கவில்லை. கிட்டே போய், இந்தக் கணக்குக்கு விடையே கிடையாது, விட்டுவிடுங்கள் என்று பக்குவமாகக் காரணத்தோடு எடுத்துச் சொன்னது.

முதலை அதை ஏற இறங்கப் பார்த்தது.

“போடத் தெரியாதவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்” என்றது. பிறகு எட்டையும் ஐந்தையும் கூட்டத் தொடங்கியது.

தனக்கே விடை தெரியாத கேள்வியால் பிறரை மடக்க நினைப்பவர், கடைசியில் அந்தக் கேள்விக்குள் தாமே அகப்பட்டுக்கொள்வார்.